லெவல் தொண்ணூற்றொன்று, உள்ளே ஆள் இருக்கிறார்

சம்பூர்ணத்தின் கணவர் போன ஆடி மாதம் தன்னுடைய விளையாட்டுக் கணக்குக்குள் குடிபோய்விட்டார். அதனால் கணக்கின் விலை ஏறுமா இறங்குமா என்று பார்த்துச் சொல்ல என்னை அழைத்திருந்தார்கள்.

ஆன்லைன் விளையாட்டுக் கணக்குகளுக்கு மறுவிற்பனை விலை சொல்வது என் தொழில். பெயர் தாட்சாயணி. கோயம்புத்தூரில் இந்த வேலையை நேரில் போய்ச் செய்பவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் நாலு ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துவிட்டு விலை சொல்லிவிடுகிறார்கள். சுவரில் ஓதம் ஏறியிருப்பது ஸ்கிரீன்ஷாட்டில் தெரியாது.

நான் சொன்ன விலை இதுவரை தப்பியதில்லை.

வீடு சிங்காநல்லூரில், மூன்றாவது மாடி. நான் போனபோது சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார் சம்பூர்ணம். நூல் மில்லில் தரம் பார்க்கும் வேலை அவருக்கு. சூப்பர்வைசராக உயர்த்தி, திண்டுக்கல்லில் இருக்கும் புது மில்லுக்கு மாற்றியிருந்தார்கள். மதியம் லாரி வருகிறது. ஃபிரிட்ஜ் எல்லோருக்கும் முன்பே தயாராகி, வயரை இடுப்பில் சுற்றிக்கொண்டு வாசலருகே நின்றது.

"வில்லங்கம் எதுவும் இருக்காக்கா?" என்று கேட்டேன். எல்லோரிடமும் முதலில் கேட்பது இதுதான்.

"ஒண்ணு இருக்குதுங்."

"என்னது?"

"எங்க வீட்டுக்காரருங். உள்ள இருக்காரு."

"வாடகைக்கா, சொந்தமா?"

"கட்டுனவருங்."

கட்டியது கணக்குக்குள் இருக்கும் கோட்டையையா, இவரையா என்று நான் கேட்கவில்லை. இரண்டுக்கும் ஒரே சொல்தான்.

"கணக்கைப் பேத்து எடுத்து லாரில போட்டுக்க முடியாதுங்களா?" என்றார்.

"முடியாதுக்கா. சுவரோட சேந்தது. வீட்டை விட்டா அதையும் விட்டுற வேண்டியதுதான்."

சம்பூர்ணம் பருப்பு டப்பாவின் மூடியை நூலால் இறுக்கினார். நூலை அறுக்காமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றார்.

"அப்ப வித்துரலாமுங். ஆளோட எவ்வளவு, ஆளில்லாம எவ்வளவுன்னு ரெண்டு வெலையும் சொல்லிருங்."

"நீங்க உள்ள போய்ப் பேசிப் பாத்தீங்களாக்கா?"

"வாசப்படி வரைக்கும் போவனுங். தட்டை வைப்பன். எடுத்துக்குவாரு. காலித் தட்டைத் திருப்பி வைப்பாரு. உள்ள போனதில்லீங். நமக்கென்ன வேலைங் அங்க?"

கணக்குக்குப் போகும் கதவு சமையலறையில், சிலிண்டருக்குப் பின்னால் இருந்தது. சிலிண்டரை நகர்த்திவிட்டு உள்ளே போனேன்.

கதவுக்கு அந்தப் பக்கம் தாழ்வாரம் போல ஒரு நடை. விளையாட்டைப் புதுப்பிக்கும்போதெல்லாம் இந்த நடை கொஞ்சம் நீளும். பழைய கணக்கு என்றால் கால் வலிக்கும். இது நல்ல பழைய கணக்கு. நடந்துகொண்டே என் மனதுக்குள் விலையை ஏற்றிக்கொண்டேன். நடுவழியில் என்னைக் கடந்து நடை மட்டும் வேகமாக முன்னே போனது. நான் பதறவில்லை. நின்றேன். அது திரும்பி வந்து என்னை அழைத்துப் போனது.

முடிவில் ஒரு கவுண்டர். உள்ளே ஒரு பெண் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க மனுஷங்கதானா?" என்றார்.

"ஆமா."

"அப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க."

ஒன்பது கட்டம் போட்ட ஒரு கண்ணாடியை என் முன்னால் தள்ளினார். பஸ் இருக்கும் கட்டங்களைத் தொடச் சொன்னார். தொட்டேன். கடைசிக் கட்டத்தில் இருந்த பஸ், "உக்கடம், உக்கடம்" என்று கத்திக்கொண்டு கிளம்பிப் போனது. அதில் ஏற ஓடியவர்களில் ஒருவர் என்னைத் திட்டினார்.

"மனுஷங்கதான். போங்க," என்றார் அந்தப் பெண்.

கோட்டை ஒரு குன்றின்மேல் இருந்தது. ஏறும்போதே மதிப்பீட்டைத் தொடங்கிவிட்டேன். போட்ட பணம் எவ்வளவு என்று நான் பார்ப்பதில்லை. போட்ட பணத்துக்கு யாரும் விலை தரமாட்டார்கள். இனிமேல் கிடைக்காதது எது என்றுதான் பார்ப்பேன். நுழைவாயிலில் ஒரு நீல யானை கட்டியிருந்தது. அதை ஒரே ஒரு தீபாவளிக்கு மட்டும் கொடுத்தார்கள். விலை ஏறியது. ஆயுத அறையில் வாள்கள் வரிசையாக இருந்தன. ஒன்றின் மேல் முருங்கைக்கீரை காயப் போட்டிருந்தது. விலை கொஞ்சம் இறங்கியது. விதி மீறி விளையாட்டில் தடை வாங்கிய தழும்பு சுவரில் எங்கும் இல்லை. தொடங்கிய நாளில் கொடுத்த தொலைபேசி எண் அடிக்கல்லில் அப்படியே இருந்தது. மறுபடியும் ஏறியது.

கோட்டையின் நடுமுற்றத்தில் ஒரு பெரிய வரிசை நின்றது. எல்லோரும் வீரர்கள். எல்லோர் கையிலும் குடம். ரத்தவேட்டை என்று தலைக்குமேல் பெயர் எழுதியிருந்த ஒருவர், முகமெல்லாம் தழும்போடு, ஒரு பச்சை நிறப் பிளாஸ்டிக் குடத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

வரிசையின் முன்னால் ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மோட்டாருக்குப் பக்கத்தில் சம்பூர்ணத்தின் கணவர் நாச்சிமுத்து குந்தியிருந்தார். மேலே தங்கக் கவசம். கீழே லுங்கி. தலைக்குமேல் தொண்ணூற்றொன்று என்று எண் எரிந்தது.

"வாங். தண்ணிக்கா?" என்றார்.

"இல்லீங்கண்ணா. விலை பாக்க வந்தேன்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மோட்டாரைப் பார்த்தார். அதை அணைக்கவில்லை.

"அவ அனுப்புனாளா?"

"ஆமாங்கண்ணா. லாரி வருது."

"தெரியுமுங். நேத்து வந்த தட்டுல சாமான் கட்டற கயிறு ஒட்டியிருந்துச்சு."

இந்த விளையாட்டில் தண்ணீரே கிடையாது என்பது எனக்குத் தெரியும். ஆறு உண்டு. பார்க்கலாம். மொள்ள முடியாது. இவர் எப்படி எடுக்கிறார் என்று கேட்டேன்.

"பம்பு பவுண்டரில இருவது வருசம் இருந்தனுங். ஆறு இருந்தா எடுக்கத் தெரியாதுங்களா?" என்றார்.

"பவுண்டரி?"

"மூடிட்டாங்க. அப்புறம் வீட்ல உக்காந்தனுங். யாரும் ஒரு வார்த்தை சொல்லல. அவ மில்லுக்குப் போவா, வருவா, சோறு போடுவா. ஒண்ணும் கேக்க மாட்டா. அதுதானுங் தாங்க முடியல. ஒரு நா போனைப் பாத்துட்டே சமையக்கட்டுக்குப் போனன். கதவு தொறந்து கெடந்துச்சு. உள்ள வந்தா அறுவது பேரு எந்திரிச்சு நிக்கறாங்க. அடுத்து என்னங் பண்றதுன்னு என்னைக் கேக்கறாங்க."

ரத்தவேட்டை தலையாட்டினார். "அண்ணன் சொல்லாம நாங்க ஒண்ணும் பண்ணமாட்டோம்," என்றார்.

"வெளிய வாங்கண்ணா. கூப்பிடத்தான் நெனைக்கிறாங்க. எனக்குத் தெரியும்," என்றேன். நினைப்பதையும் நான் மதிப்பிடுவேன். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

நாச்சிமுத்து தலைக்குமேல் கையைத் தூக்கி அந்த எண்ணைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்திருக்க வேண்டும். கையை எடுத்துக்கொண்டார்.

"உள்ள நான் தொண்ணூத்தொண்ணுங். வெளிய வந்தா ஒண்ணு. அதுவும் இருக்குமோ என்னமோ."

இதற்குப் பதில் சொல்வதற்குள், விற்பனை வாசனை பிடித்து, வாங்குபவர் ஒருவர் வந்துவிட்டார். பெயர் கோதண்டம், சென்னைக்காரர். ஆறடிக்கு மேல் உயரம். வெள்ளைச் சட்டை. அவரிடம் பஸ் கட்டம் எதுவும் கேட்கவில்லையாம். வாங்குபவர்கள் மனிதர்களாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை.

"இன்னா மேடம், எவ்ளோ வரும்?" என்றார்.

"ஆளோட சேத்து நாலு லட்சத்து இருபதாயிரம்."

"ஆளு எதுக்கு எனக்கு? காலி பண்ணிக் குடுங்க. ரெண்டு தரேன்."

சொல்லி முடித்ததும் அவர் ஐந்தடி ஆனார். விலையைக் குறைத்துக் கேட்டால் உயரம் குறையும். வாங்குபவர்களிடம் இது சகஜம். நான் கண்டுகொள்ளவில்லை.

"காலி பண்ணா தண்ணி நின்னுரும் சார். தண்ணி நின்னா அறுபது பேரும் போயிருவாங்க. அப்புறம் இது வெறும் குன்று. குன்றுக்கு விலை இல்ல."

"அப்ப ஒண்ணரை."

நாலடி. சட்டைக் கை முட்டிக்குக் கீழே தொங்கியது.

"யானை இருக்கு சார். நீல யானை."

"யானை என்ன பால் குடுக்குமா? ஒண்ணு, பைனல்."

இப்போது அவர் என் இடுப்பளவு இருந்தார். குரல் மட்டும் குறையவில்லை. ரத்தவேட்டை தன் குடத்தை இன்னும் கொஞ்சம் இறுக்கி அணைத்துக்கொண்டார். தன் விலையை இன்னொருவர் பேசும்போது மனிதர்கள் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவிப்பார்கள். நாச்சிமுத்து ஒரு ஸ்பேனரை எடுத்து, ஏற்கெனவே இறுகியிருந்த நட்டை இறுக்கிக்கொண்டிருந்தார்.

அப்போது கீழே கவுண்டர் பக்கமிருந்து ஒரு நாற்காலி விழும் சத்தம் கேட்டது. பூக்கட்டும் பெண் அவசரமாக எழுந்திருந்தார். அவரைத் தாண்டிச் சம்பூர்ணம் வந்துகொண்டிருந்தார். கையில் மூடி போட்ட தட்டு. நடை அவருக்காக ஓடிவந்து மூன்றே எட்டில் முடிந்தது.

"லாரி வந்துருச்சுங்," என்றார். "டிரைவரு அவசரப்படறாரு. சோறு ஆறிரும்னு நானே எடுத்துட்டு வந்தன்."

வரிசையில் இருந்த அறுபது பேரும் குடங்களைக் கீழே வைத்துவிட்டு மண்டியிட்டார்கள். யானையும் மண்டியிட்டது. நான் சம்பூர்ணத்தின் தலைக்குமேல் பார்த்தேன்.

நூற்றுநான்கு.

எனக்கு ஆச்சரியம் இல்லை. இந்த விளையாட்டில் எதையாவது ஒரு வாசலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தால் அது ஒரு பணி முடித்ததாகக் கணக்கு. ஆடியிலிருந்து மூன்று வேளையும் சேர்த்திருக்கிறார். இதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். யோசித்துத்தான் இருந்தேன், வேறு விதமாக.

"இவங்கல்லாம் ஏனுங் கீழ உக்காந்துட்டாங்க?" என்று கேட்டார் சம்பூர்ணம்.

"நீங்க அண்ணனைவிடப் பெரிய ஆளுக்கா. கோட்டை இப்ப உங்க பேச்சைக் கேக்கும். யானையும் கேக்கும்."

அவர் யானையைப் பார்த்தார். தலைக்குமேல் கையை வைத்து எண்ணைத் தடவினார். நூலைச் சோதிப்பது போல இரண்டு விரலால் நிமிண்டிப் பார்த்தார்.

"திண்டுக்கல்ல இது செல்லுமுங்களா?"

"செல்லாதுக்கா. வெளிய போனா ஒண்ணு."

"அப்ப எனக்கு எதுக்குங்?"

தலையிலிருந்து நூற்றுநான்கைக் கழற்றினார். இரண்டு கோபுரங்களுக்கு நடுவே துணி காயப்போடும் கொடி இருந்தது. ஒரு துண்டுக்கும் பனியனுக்கும் இடையில் அதை மாட்டினார். அது அங்கே எரிந்துகொண்டிருந்தது. தட்டை நாச்சிமுத்துவின் முன்னால் வைத்தார்.

"புளிச்சாதமுங். சாப்பிட்டுத் தட்டை நீங்களே கழுவிருங். இனி எடுக்க ஆள் வராது."

திரும்பி நடக்க ஆரம்பித்தார். திரும்பிப் பார்க்கவில்லை. அவர் தோள் மட்டும் ஒருமுறை ஏறி இறங்கியது.

நாச்சிமுத்து தட்டைப் பார்க்கவில்லை. கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நூத்திநாலுங்," என்றார் என்னிடம்.

"ஆமாங்கண்ணா."

"கழட்டி மாட்டிட்டுப் போறா."

"ஆமாங்கண்ணா."

"நான் தொண்ணூத்தொண்ணை வச்சுட்டு உக்காந்திருக்கறன்."

இதற்கு நான் ஆமாம் சொல்லவில்லை. தேவைப்படவில்லை.

அவர் எழுந்தார். கவசத்தின் பின்பக்கக் கொக்கி கைக்கு எட்டவில்லை. நான் கழற்றிவிட்டேன். ரத்தவேட்டையைக் கூப்பிட்டு மோட்டாரைக் காட்டினார்.

"தம்பி, குழாய் அடியில இருக்கற ஃபுட்வால்வுல தண்ணி நிக்கலீன்னா வெறும் காத்தைத்தான் இழுக்கும். ஒரு கொடம் மேல ஊத்திட்டு அப்புறம் சுச்சைப் போடு. சத்தம் மாறுனா உடனே நிறுத்திரோணும். சத்தத்தைக் கேளு. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுண்ணா. அடுத்து என்ன பண்றது?"

"தெரியாது," என்றார் நாச்சிமுத்து. அந்தச் சொல்லை அவர் அங்கே முதல் தடவையாகச் சொல்கிறார் என்பது அறுபது பேர் முகத்திலும் தெரிந்தது. தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு குன்றிலிருந்து இறங்கினார். வேகமாக இறங்கினார். பாதியில் ஓடினார்.

நான் கோதண்டத்தைப் பார்த்தேன். அவர் இன்னும் என் இடுப்பு உயரத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

"ஆள் கிளம்பிட்டாரு. தண்ணி நிக்காது. கொடியில ஒரு நூத்திநாலு சும்மா தொங்குது. இப்ப விலை ஆறு லட்சம்," என்றேன்.

"இப்பதானே நாலு இருபதுன்ன!"

"அது அப்ப."

அவர் அண்ணாந்து என்னைப் பார்த்தார். இன்னும் ஒருமுறை குறைத்துக் கேட்டால் என்ன ஆகும் என்று அவருக்கே தெரியும். "சரி," என்றார். சொன்னதும் ஆறடி ஆனார். சட்டையும் சரியாகிவிட்டது. வாங்கிய கையோடு வரிசையில் போய்க் கடைசியாக நின்றார். அவரிடம் குடம் இல்லை. ஒருவர் இரவல் கொடுத்தார்.

நான் சமையலறைக்கு வந்தபோது நாச்சிமுத்து கதவுக்கு உட்பக்கமே நின்றுகொண்டிருந்தார். வெளியே சம்பூர்ணம் பாத்திரங்களை அட்டைப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் நடுவே நிலைப்படி மட்டும்தான்.

"ஏம்புள்ள," என்றார் நாச்சிமுத்து.

"சொல்லுங்."

"வெளிய வந்தா ஒண்ணுதான் இருப்பன்."

"அது எனக்குத் தெரியுமுங்."

"கையில ஒரு குச்சி மட்டுந்தான் குடுப்பாங்க."

"இடம் இருக்குதுங். லாரி பெருசு."

அவர் காலை எடுத்து வெளியே வைத்தார். சொன்னது சரிதான். தொண்ணூற்றொன்று அணைந்துவிட்டது. கொஞ்சம் இளைத்தும் இருந்தார். கையில் ஒரு மரக்குச்சி. தலைக்குமேல் ஒன்று என்ற எண், பழைய டியூப்லைட் போல விட்டுவிட்டு எரிந்தது. லுங்கி மட்டும் மிச்சம். அது அவருடைய சொந்த லுங்கி.

சமையலறையின் நடுவில் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். சம்பூர்ணம் அவரை மேலும் கீழும் பார்த்தார். கண் நிறைந்தது. அதைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

"அந்தச் சிலிண்டரை மூடுங்," என்றார்.

நாச்சிமுத்து குனிந்து சிலிண்டர் வால்வை மூடினார். எங்கேயோ மணி அடித்தது. தலைக்குமேல் இரண்டு என்று எரிந்தது.

அவர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். சம்பூர்ணமும் பார்த்தார்.

"மெத்தையை ஒரு கை புடிங்."

மூன்று.

வீடு மூன்றாவது மாடிதான் என்றாலும் படிக்கட்டு அன்று ஏழு மாடிக்கு இறங்கியது. ஃபிரிட்ஜ் தானே இறங்கிக்கொள்வதாகச் சொன்னது. நாச்சிமுத்து விடவில்லை. முதுகு கொடுத்து இறக்கினார். கீழே வந்து சேர்ந்தபோது சட்டையில்லாத மார்பெல்லாம் வியர்வை. எண் ஆறு.

கோதண்டம் கொடுத்த ஆறு லட்சத்தை நான் சம்பூர்ணத்திடம் கொடுத்தேன். அவர் எண்ணாமல் பருப்பு டப்பாவுக்குள் போட்டு மூடினார். லாரியின் முன்பக்கம் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். நாச்சிமுத்து பின்னால் ஏறி, ஃபிரிட்ஜ் சாயாமல் இருக்க அதன் தோளில் கை போட்டு நின்றார்.

நான் கிளம்பப் போனேன். சம்பூர்ணம் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என்னை நிறுத்தினார்.

"ஏனுங் தாட்சாயணி, ஒண்ணு கேக்கட்டுமுங்களா?"

"கேளுங்கக்கா."

குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இவரு இப்ப எவ்வளவு பெறுவாருங்?"

"விக்கிறதுக்காக்கா?"

"இல்லீங். வச்சுக்கறதுக்கு."

நான் லாரியின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். நேரில் பார்க்காமல் நான் எதற்கும் விலை சொல்வதில்லை. லெவல் ஆறு. ஆயுதம், லுங்கியில் செருகிய மரக்குச்சி. ஒரே பிரதி. இந்த மாதிரி இப்போது வெளிவருவதில்லை. முன்புறம் ஒரு கீறல், பின்புறம் ஃபிரிட்ஜ் பட்ட சிவப்பு. என்னைப் பார்த்து, "சாப்ட்டீங்ளா?" என்று கேட்டார். புளிச்சாதத் தட்டு அவருடைய மறு கையில் இருந்தது.

முன்பக்கம் திரும்பி வந்தேன். சம்பூர்ணம் காதைக் கொடுத்தார். விலையைச் சொன்னேன்.

அவர் பேரம் பேசவில்லை. டிரைவரைப் பார்த்து, "எடுங்," என்றார்.